சிமுலேஷன் முடிவின் நிச்சயமின்மையைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு எஃகு கேண்டிலீவர் சட்டத்தை, அதாவது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை தாங்கலின்றி நிற்கும் சட்டத்தை, எடுத்துக்கொள்வோம். நீளம் 1 மீட்டர், அகலம் 50 மி.மீ., தடிமன் 30 மி.மீ. முனையில் 1,000 நியூட்டன் சுமை. யங் குணகம் (பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்) 200 ஜிகாபாஸ்கல் என்று கொடுத்தால், முனை 14.81 மி.மீ. தாழும் என்று சிமுலேஷன் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட உச்சத் தாழ்வு 18 மி.மீ. அப்படியானால் வடிவமைப்பு தேறிவிட்டதா?

14.81 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த எண்ணைச் சுற்றியுள்ள பட்டை எவ்வளவு அகலம் என்று தெரிந்தால்தான் 18 தொலைவில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பது புரியும். கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான் உதாரணம். சூத்திரத்திலேயே விடை கிடைக்கும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே கையால் போட்டுப் பார்க்கலாம். பாய்மம், வெப்பம், அதிர்வு என எந்தக் கணக்குக்கும் முறை இதேதான்.

முதலில், எந்த ஒரு எண்ணுக்காக இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். "சட்டத்தின் நடத்தை" என்று எழுதினால் போதாது. "1,000 நியூட்டன் சுமையில் முனைத் தாழ்வு 18 மி.மீ.ஐத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு" என்பது போல இருக்க வேண்டும். சராசரி போதுமா, அபூர்வமான வால்பகுதி (பரவலின் ஓரத்தில் விழும் மதிப்புகள்) வேண்டுமா என்பதைப் பொறுத்து, தேவைப்படும் ஓட்டங்களின் (சிமுலேஷனை ஒருமுறை இயக்குவது ஓர் ஓட்டம்) எண்ணிக்கை நூறிலிருந்து லட்சம் வரை மாறும்.

பிழை எங்கிருந்தெல்லாம் வருகிறது

மூன்று இடங்கள். உள்ளீடுகள் சரியாகத் தெரியாதது ஒன்று. சமன்பாட்டை மெஷ் (பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலை), கால இடைவெளி, மறுசெய்கை (விடையை நெருங்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது) என்று துண்டாக்கித் தீர்ப்பதால் வரும் எண்சார் பிழை இரண்டாவது. எழுதிய சமன்பாடே உண்மையை முழுதாகப் பிடிக்காதது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. மான்டே கார்லோ ஓட்டங்களை (உள்ளீடுகளை ரேண்டமாக மாற்றி மாற்றி ஓட்டுவது) பத்து மடங்காக்கினாலும் தவறான எல்லை நிபந்தனை (சட்டம் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது போன்ற அனுமானம்) சரியாகாது. ஆனாலும் பெரும்பாலான திட்டங்களில் உழைப்பெல்லாம் முதல் இடத்துக்கே போகிறது, அதற்கு மென்பொருளில் பொத்தான் இருப்பதால்.

உள்ளீட்டு நிச்சயமின்மையிலும் இரண்டு வகை உண்டு. சுமை நாளுக்கு நாள் மாறுவது இயற்கையான ஏற்ற இறக்கம். அதைக் குறைக்க முடியாது, விவரிக்க மட்டுமே முடியும். இந்தக் குறிப்பிட்ட சட்டத்தின் யங் குணகம் நமக்குத் தெரியாமல் இருப்பது அறியாமை. ஒரு சோதனை செய்தால் அது குறைந்துவிடும். எது எந்த வகை என்று உள்ளீட்டுப் பட்டியலிலேயே குறித்துவிடுங்கள்.

உள்ளீடுகளுக்குப் பரவல் கொடுப்பது

முடிவின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தப் படிதான்.

வரைபடத்தில் "30 ± 0.1 மி.மீ." என்று இருந்தால் திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) என்ன? எல்லைக்குள் எதுவும் சம வாய்ப்பு (சீரான பரவல்) என்றால் 0.1 ÷ √3, அதாவது 0.058 மி.மீ. நடுவில்தான் அதிகம் வரும் என்று நம்பக் காரணம் இருந்து முக்கோணப் பரவல் எடுத்தால் 0.1 ÷ √6, அதாவது 0.041. தயாரிப்பு நன்கு கட்டுப்பாட்டில் இருந்து, ±0.1 என்பது மூன்று திட்ட விலக்கத்துக்குச் சமம் என்று அளவீட்டுப் பதிவுகள் காட்டினால் 0.033. ஒரே வரைபடக் குறிப்புக்கு மூன்று விடைகள். பதிவுகள் இல்லாத இடத்தில் 0.033 எடுப்பது ஆதாரமற்ற துணிச்சல். சீரான பரவலே பாதுகாப்பு.

சோதனை முடிவுகள் கையில் இருந்தாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 5 மாதிரிகளில் கணக்கிட்ட திட்ட விலக்கத்தின் 95% நம்பிக்கை இடைவெளி, கிடைத்த மதிப்பின் 0.60 மடங்கிலிருந்து 2.87 மடங்கு வரை நீளும். அதாவது 5 சோதனைகள் "3%" என்று சொன்னால் உண்மை 8.6% ஆகவும் இருக்கலாம். பரவலின் அகலமே இங்கே அறியாமை. அதை ஒரே எண்ணாக வைத்து மறந்துவிடக் கூடாது.

மணி வடிவ இயல்நிலைப் பரவலைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கொடுப்பது அடுத்த தவறு. மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) பெரிதாக இருந்தால் தடிமனோ உராய்வுக் கெழுவோ சில மாதிரிகளில் எதிர்மறை எண்ணாக வந்து ஓட்டம் நின்றுபோகும். எப்போதும் நேர்மறையாகவே இருக்கும் அளவுகளுக்கு மடக்கை இயல்நிலைப் பரவல் (மடக்கை எடுத்தால் இயல்நிலையாகும் பரவல்) பொருத்தம்.

ஒட்டுறவையும் விடாதீர்கள். ஒரே எஃகின் இளகு வலிமையும் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) இறுதி வலிமையும் (தாங்கக்கூடிய உச்சம்) சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டையும் தனித்தனியாக மாதிரி எடுத்தால் சில ஓட்டங்களில் இளகு வலிமை இறுதி வலிமையை மிஞ்சும். அப்படியொரு எஃகு கிடையாது. ஆனால் மென்பொருள் ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டுவிடும்.

நம் சட்டத்துக்கு, மேலே சொன்ன ±0.1 வரைபடக் குறிப்பு இல்லை என்று கொண்டு, இந்த மாறுபாட்டுக் கெழுக்களை வைத்துக்கொள்வோம்: சுமை 10%, யங் குணகம் 3%, தடிமன் 1%, அகலம் 1%, நீளம் 0.5%.

முதலில் ஒரு கைக்கணக்கு

மாதிரி எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பாதி நேரம் இதுவே போதுமானதாக இருக்கும்.

முனைத் தாழ்வு = 4 × சுமை × நீளம்³ ÷ (யங் குணகம் × அகலம் × தடிமன்³)

அடுக்குகளே உணர்திறன்கள், அதாவது உள்ளீடு 1% மாறினால் விடை எத்தனை சதவீதம் மாறும் என்பவை. ஒவ்வொரு சதவீதத்தையும் அதன் அடுக்கால் பெருக்கி வர்க்கப்படுத்துங்கள்: சுமை 10² = 100, யங் குணகம் 3² = 9, தடிமன் (3 × 1)² = 9, நீளம் (3 × 0.5)² = 2.25, அகலம் 1. கூட்டினால் 121.25. வர்க்கமூலம் 11.0%. தாழ்வின் திட்ட விலக்கம் 14.81 × 0.110 = 1.63 மி.மீ.

பங்குகளைப் பாருங்கள். சுமை மட்டும் 82%. யங் குணகமும் தடிமனும் தலா 7%. மீதி இரண்டும் சேர்ந்து 3%க்கும் குறைவு. தடிமனை இன்னும் துல்லியமாக அளக்கப் பணம் செலவழித்தால் பட்டை கிட்டத்தட்ட அசையாது. சுமையை அளக்க வழி கண்டால் பாதிக்கும் மேல் சுருங்கும். இந்த ஒரு தகவலுக்காகவே கைக்கணக்கு வேண்டும்.

சூத்திரம் இல்லாத மாடலில், ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒரு திட்ட விலக்கம் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். 5 உள்ளீடுகளுக்கு 11 ஓட்டங்கள். அசைவை மிகச் சிறியதாக வைத்தால், சால்வரின் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலின்) மறுசெய்கை எச்சமும் மெஷ் மாற்றமும் உண்டாக்கும் இரைச்சலே விடையாக வந்துவிடும். கூட்டியபோதும் குறைத்தபோதும் வரும் மாற்றங்கள் சமமாக இல்லையென்றால் மாடல் நேர்கோட்டில் நடக்கவில்லை. அப்போது மாதிரி எடுப்பு கட்டாயம்.

18 மி.மீ. தொலைவில் இருக்கிறதா? (18 − 14.81) ÷ 1.63 = 1.96. இயல்நிலைப் பரவல் என்றால் தாண்டும் வாய்ப்பு சுமார் 2.5%. அதே அகலத்தில் மடக்கை இயல்நிலை என்று எடுத்து 14.81ஐ இடைநிலை அளவாக வைத்தால் சுமார் 3.8%. சராசரியும் விலக்கமும் அநேகமாக அப்படியே இருக்க, வாய்ப்பு மட்டும் ஒன்றரை மடங்காகிவிட்டது. வால்பகுதியில் பரவலின் வடிவம் அவ்வளவு பேசும். ஆகவே வாய்ப்பு எண்ணைச் சொல்லும்போது பரவலின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெஷ் பிழை

மெஷ்ஷை நுணுக்கும்போது தாழ்வு சீக்கிரம் ஒரே மதிப்பில் குவிந்துவிடும். தகைவு (ஓர் அலகு பரப்பில் உள்ள உள்விசை) அப்படியில்லை. சட்டம் அடித்தட்டில் சேரும் மூலை வளைவில் உச்சத் தகைவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது மூன்று மெஷ்களில் ஓட்டுங்கள். அடுத்தடுத்த மெஷ்களின் அளவு விகிதம் 1.3க்குக் குறைய வேண்டாம். 2 என்றால் கணக்கு எளிது. 4, 2, 1 மி.மீ. மெஷ்களில் 180, 195, 199 மெகாபாஸ்கல் வந்தால்:

வித்தியாசங்கள் 15, 4. விகிதம் 3.75. குவிதல் படி (மெஷ் நுணுகும்போது பிழை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) = மடக்கை(3.75) ÷ மடக்கை(2) = 1.91. இரண்டாம் படி முறைக்கு எதிர்பார்த்தது 2 என்பதால் இது நம்பத்தக்கது. முடிவிலி நுண்மையில் வரக்கூடிய மதிப்பு 199 + 4 ÷ (3.75 − 1) = 200.5. பாய்மக் கணக்கு வல்லுநர் பேட்ரிக் ரோச் 1994இல் முன்வைத்த மெஷ் குவிதல் குறியீட்டின்படி, மூன்று மெஷ் ஆய்வுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25. பட்டை 1.25 × 1.45 (மேலே கூட்டிய 4 ÷ 2.75) = 1.8 மெகாபாஸ்கல், அதாவது 0.9%. இரண்டே மெஷ்களில் செய்தால் காரணி 3. இந்தப் பட்டையை 95% அளவாகக் கருதி, திட்ட நிச்சயமின்மை வேண்டும்போது பாதியாக்குவது வழக்கம்.

குவிதல் படி 0.5 என்றோ 5 என்றோ வந்தால், அல்லது மதிப்புகள் ஏறி இறங்கி ஆடினால், இந்தச் சூத்திரத்தை அங்கே பயன்படுத்தக் கூடாது. மெஷ் இன்னும் கரடு, அல்லது மறுசெய்கை சரியாக முடியவில்லை என்பதே அதன் பொருள். மறுசெய்கைப் பிழை மெஷ் பிழையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும்.

வளைவு வரையாமல் கூரான உள்மூலையாக விட்டுவிட்டால் நிலைமையே வேறு. நேர்கோட்டு மீள்தன்மைக் கணக்கில் 90 பாகை உள்மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் அது சுமார் 1.37 மடங்காகும். எத்தனை மெஷ் ஓட்டினாலும் குவியாது. வளைவை வரையுங்கள், அல்லது மூலையிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் தகைவைப் படியுங்கள்.

எத்தனை ஓட்டங்கள்?

சராசரியின் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தை ஓட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 100 ஓட்டங்களில் நம் தாழ்வின் சராசரி 0.16 மி.மீ. துல்லியத்தில் கிடைக்கும், அதைப் பாதியாக்க 400 வேண்டும். வாய்ப்புக்குக் கணக்கு கடுமையானது. 2.5% வாய்ப்பை அதன் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் பிடிக்கச் சுமார் 3,900 ஓட்டங்கள். 0.1% வாய்ப்புக்குச் சுமார் ஒரு லட்சம்.

ஓட்டங்கள் குறைவாக இருக்கும்போது முதல் மாற்றம் லத்தீன் ஹைப்பர்கியூப். ஒவ்வொரு உள்ளீட்டின் வீச்சையும் சம வாய்ப்புள்ள துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு மாதிரி எடுக்கும் முறை இது. மாடல் ஓரளவு கூட்டல் தன்மையோடு இருந்தால் சராசரி வெகு சீக்கிரம் நிலைப்படும், ஆனால் வால்பகுதியில் அந்த லாபம் சிறியது. மாதிரிகளைச் சீராகப் பரப்பும் சோபோல் தொடரைப் பயன்படுத்தினால் எண்ணிக்கையை 2இன் அடுக்காக, 256, 512, 1,024 என வையுங்கள். "எளிதாக இருக்கட்டும்" என்று 1,000 வைத்தால் தொடரின் சமநிலை குலையும். இரண்டும் பைத்தானின் சைபை நூலகத்திலேயே உள்ளன.

ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் பல மணி நேரம் ஆகிறது, வாய்ப்பே வேண்டாம், நம்பத்தக்க மேல் எல்லை ஒன்று போதும் என்றால் புள்ளியியலாளர் வில்க்ஸின் 1941ஆம் ஆண்டு முடிவு கைகொடுக்கும். சுயேச்சையான 59 எளிய ரேண்டம் ஓட்டங்களில் வந்த மிகப் பெரிய மதிப்பு, 95% நம்பிக்கையோடு 95ஆம் சதமானத்துக்கு (95% முடிவுகள் எதற்குக் கீழே இருக்குமோ அந்த மதிப்புக்கு) மேல் எல்லை. உள்ளீடுகள் ஐந்தோ ஐம்பதோ, எண்ணிக்கை மாறாது. அணுஉலைப் பாதுகாப்புக் கணக்குகளில் இது புழக்கத்தில் உள்ளது. இதற்கு லத்தீன் ஹைப்பர்கியூப் மாதிரிகளைப் பயன்படுத்தாதீர்கள். அவை ஒன்றுக்கொன்று சுயேச்சையானவை அல்ல.

ஓட்டும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ரேண்டம் விதை எண்ணை (ரேண்டம் எண் வரிசையின் தொடக்க எண்) சேமியுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அதே முடிவை எடுக்க முடியாது. பாதியில் நின்றுபோன ஓட்டங்களை நீக்கிவிட்டு மீதியை மட்டும் சராசரி எடுக்காதீர்கள். மெல்லிய தடிமன், பெரிய சுமை என்று ஓரங்களில்தான் சால்வர் தோற்கும். அவற்றை விட்டால் நீங்கள் தேடும் வால்பகுதியையே வெட்டி எறிகிறீர்கள். தோற்ற ஓட்டங்களின் உள்ளீடுகளை வரைந்து பாருங்கள். ஒரே மூலையில் குவிந்திருந்தால் கால இடைவெளியைக் குறைத்தோ சுமையைப் படிப்படியாக ஏற்றியோ மீண்டும் ஓட்டுங்கள்.

பதிலி மாடல்

சில ஓட்டங்களின் விடைகளுக்குப் பொருத்தி, சிமுலேஷனுக்குப் பதிலாக விரைவாகக் கணக்கிடும் எளிய சூத்திரமே பதிலி மாடல். 5 உள்ளீடுகளுக்கு மூன்றாம் படி பல்லுறுப்புக் கோவை விரிவில் 56 கெழுக்கள். 10 உள்ளீடுகளுக்கு 286. கெழு எண்ணிக்கையின் இரண்டு, மூன்று மடங்கு ஓட்டங்கள் தேவைப்படும். இன்னொரு பதிலி வகையான காஸியன் செயல்முறைக்கு (ஓட்டிய புள்ளிகளுக்கிடையே மதிப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை) உள்ளீடு ஒன்றுக்கு 10 ஓட்டங்கள் என்று தொடங்கலாம். பொருத்தியபின், ஒவ்வொரு புள்ளியாக விட்டுவிட்டுக் கணித்துப் பார்த்து வரும் பிழையை முடிவின் பட்டையிலேயே சேருங்கள். பயிற்சி வீச்சுக்கு வெளியே பதிலியிடம் எதுவும் கேட்காதீர்கள்.

உள்ளீடுகள் இருபது முப்பது இருந்தால், மோரிஸ் முறையில் (ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டை மட்டும் அசைத்துப் பார்க்கும் முறை) முதலில் வடிகட்டுங்கள்: 20 உள்ளீடுகள், 10 பாதைகள் என்றால் 210 ஓட்டங்கள். தேறியவற்றுக்கு மட்டும் சோபோல் குறியீடுகள் (விடையின் மாறுபாட்டில் ஒவ்வொரு உள்ளீட்டின் பங்கு). 5 உள்ளீடுகள், 1,024 அடிப்படை மாதிரிகள் என்றால் 7,168 ஓட்டங்கள், இவற்றைப் பதிலியில் ஓட்டினால் போதும். கூட்டுப் பங்கையும் எண்ணும் முழுக் குறியீடு, தனிப் பங்கை மட்டும் எண்ணும் முதல் வரிசைக் குறியீட்டைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால் அந்த உள்ளீடு மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது.

சோதனையோடு ஒப்பிடுவது

மூன்றாவது இடம், அதாவது மாடலின் வடிவப் பிழை, இங்கேதான் வெளிப்படும்.

சட்டத்தைச் சோதனை மேசையில் பொருத்துகிறோம். தன் எடையாலேயே முனை சுமார் 0.64 மி.மீ. தாழ்ந்திருக்கும் என்பதால் டயல் கேஜை (நுண் நகர்வை அளக்கும் கருவி) சுழியாக்கிவிட்டுத்தான் சுமை ஏற்ற வேண்டும். அளந்த தாழ்வு 16.9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிமுலேஷன் 2.1 மி.மீ. குறைத்துச் சொல்லியிருக்கிறது.

இது பெரிய வித்தியாசமா? 1.63 என்ற பட்டையோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் சோதனையில் சுமையை 1% துல்லியத்தில் லோட் செல் (சுமையை அளக்கும் கருவி) அளந்துவிட்டது. சுமையின் 100ஐ எடுத்துவிட்டு 1 போட்டால் கூட்டுத்தொகை 22.25, வர்க்கமூலம் 4.7%, அதாவது 0.70 மி.மீ. எண்சார் நிச்சயமின்மை 0.05, அளவீட்டு நிச்சயமின்மை 0.15. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.72 மி.மீ. வித்தியாசம் இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மாடலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் யங் குணகத்தைத் திருகுவார்கள். 175 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால் 16.9 அழகாகப் பொருந்திவிடும். ஆனால் அது எஃகின் குணகமே அல்ல; தெரிந்த 3% பரவலிலிருந்து நான்கு திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. முனைத் தாழ்வை மட்டும் அளந்தால், யங் குணகம் குறைந்ததா, தடிமன் குறைந்ததா, பிடிமானம் தளர்ந்ததா என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் இரண்டாவது அளவீடு ஒன்று வேண்டும்.

சிமுலேஷனில் அடிமுனை முழுதாக இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அடித்தட்டு போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது, சிறிது சுழலும். 2.1 மி.மீ. முழுவதும் சுழற்சியால் என்றால் 0.0021 ரேடியன் போதும். அடித்தட்டில் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு டயல் கேஜ்கள் வைத்தால் அவற்றுக்கிடையே 0.21 மி.மீ. வித்தியாசம் தெரிய வேண்டும். 0.01 மி.மீ. கேஜ் அதைத் தாராளமாகப் பிடிக்கும். தெரிந்தால் காரணம் உறுதி: 1,000 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனுக்கு 0.0021 ரேடியன், அதாவது பிடிமானத்தின் விறைப்பு ரேடியனுக்குச் சுமார் 4.8 லட்சம் நியூட்டன் மீட்டர்.

எதைத் திருத்தினால் என்ன, எண் பொருந்தினால் சரிதானே என்று தோன்றலாம். நீளத்தை அரை மீட்டராக்கிப் பாருங்கள். சட்டத்தின் வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறைந்து 1.85 மி.மீ. ஆகும், பிடிமானச் சுழற்சியின் பங்கு இரண்டாம் அடுக்கில் மட்டும் குறைந்து 0.53 ஆகும். மொத்தம் 2.38. குணகத்தைத் திருகிய மாடல் 2.11 என்று சொல்லும். 11% குறைவு.

இப்போது பழைய கேள்விக்கு வாருங்கள். பயன்பாட்டிலும் இதே பொருத்தல்தான் என்றால் மைய மதிப்பு 16.9 மி.மீ. சுமையால் 1.69, மற்ற நான்கால் 0.68, போல்ட் இறுக்கம் பொருத்தலுக்குப் பொருத்தல் 20% மாறினால் 0.42. மொத்தம் 1.87 மி.மீ. (18 − 16.9) ÷ 1.87 = 0.59. தாண்டும் வாய்ப்பு 28%. 2.5%ஆ 3.8%ஆ என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எண், ஒரு எல்லை நிபந்தனையைத் திருத்தியதும் இங்கே வந்து நிற்கிறது.

அறிக்கையில் எழுதுவது

அறியாமையையும் ஏற்ற இறக்கத்தையும் ஒரே கலவையாக்கி ஒற்றை வாய்ப்பு எண்ணாகக் கொடுக்காதீர்கள். வெளிவட்டத்தில் அறியாமை அளவுகளுக்கு 50 மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் உள்வட்டத்தில் சுமை போன்றவற்றுக்கு 1,000 மாதிரிகள் என்று பதிலி மாடலில் ஓட்டினால் 50 வளைவுகள் கிடைக்கும். "தாண்டும் வாய்ப்பு இத்தனை முதல் இத்தனை வரை" என்று வீச்சாகச் சொல்லலாம். வீச்சு அகலமாக இருந்தால் இன்னொரு சோதனை வேண்டும். வீச்சு குறுகலாக இருந்தும் வாய்ப்பு பெரிதாக இருந்தால் வடிவமைப்பை மாற்ற வேண்டும். முடிவெடுப்பவருக்கு இந்த இரண்டும் முற்றிலும் வேறு செலவுகள்.

மைய மதிப்பு, திட்ட நிச்சயமின்மை, பரவலின் பெயர், ஒவ்வொரு உள்ளீட்டின் பங்கு, மெஷ் பட்டை, ஓட்டங்களின் எண்ணிக்கை, தோற்ற ஓட்டங்கள், சோதனையோடு ஒப்பிட்ட எல்லைகள் ஆகியவை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நம் சட்டத்துக்குக் கடைசி வரி இப்படி அமையும்: "இந்தப் பட்டை 1 மீட்டர் நீளத்துக்கும் சோதித்த அதே போல்ட் பொருத்தலுக்கும் 1,000 நியூட்டனைச் சுற்றிய சுமைக்கும் மட்டும், பொருத்தல் மாறினால் அடித்தட்டின் சுழற்சியை மறுபடி அளக்க வேண்டும்."